உதவி வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள்: லண்டன் தமிழ்க் கோவில்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற தை மாதம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபம். பின்சுவரில் அகலமான பதாகை. அதில் லண்டனில் பிறந்தநாள் கொண்டாடும் ஒருவருடைய பெரிய படமும் அவருடைய குடும்பத்தாரின் பெயர்களும். பதாகைக்கு முன்னால் பதினொரு பெண்கள். ஒவ்வொருவருக்கு முன்னாலும் ஒரு தையல் இயந்திரம். இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக நிற்பவள் என் சித்தியின் மகள்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 2009 இல் கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். என்னிடம் ஒரு நாளும் ஐந்து சதம் கேட்காதவள். படத்தின் கீழே எழுபது பேருக்கு மேல் கைகூப்பும் சின்னம் போட்டிருந்தார்கள். அவர்களில் பலர் அவளுடன் ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள். நான் அழைத்துக் கேட்டபோது அவள் அதிகம் பேசவில்லை. "படத்துக்கு நின்றால்தான் தருவோம் என்றார்கள், அக்கா. மெஷின் நல்ல மெஷின்" என்றாள்.

அந்தப் படத்தை எடுத்தவர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கொடுத்தவர் நல்ல மனிதர். அவர் கொடுத்த இயந்திரத்தில்தான் இன்று அவள் பிள்ளைகளின் சீருடை தைத்து விற்கிறாள். ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் வேலை செய்யும் இடம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் என் மனம் ஏன் அவ்வளவு கொதித்தது என்பது உங்களுக்கு விளங்கும்.

வடமேற்கு லண்டனில் யூதச் சமூக அறக்கட்டளை ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். பணியாளர்களில் யூதர்கள் குறைவு. பிலிப்பைன்ஸ், கானா, ருமேனியா, யாழ்ப்பாணம் என்று பல தேசத்தவர்கள் நாங்கள். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் மேசைக்கு வெள்ளை விரிப்புப் போடுவோம். பின்னல் ரொட்டி இரண்டை வைத்துத் துணியால் மூடுவோம். தீ அபாயம் கருதி, மெழுகுவர்த்திக்குப் பதிலாக பேட்டரி விளக்குகளை வைப்போம். பால் புழங்கும் பாத்திரம் வேறு, இறைச்சி புழங்கும் பாத்திரம் வேறு. சைவச் சமையலறையில் வளர்ந்த எனக்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. சிலர் தங்கள் வீட்டை விற்று முழுக் கட்டணத்தையும் தாங்களே செலுத்துகிறார்கள். சிலருக்கு உள்ளூராட்சி சபை செலுத்துகிறது. சபை கொடுக்கும் பணம் உண்மைச் செலவுக்குப் போதாது. எஞ்சியதை அறக்கட்டளை சமூகத்திடம் திரட்டிப் போடுகிறது. இவர்களில் யார் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. நான் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டும் மனிதர்களில் யார் கடைக்காரராக இருந்து சொத்துச் சேர்த்தவர், யார் ஒன்றுமில்லாமல் வந்தவர் என்பது பதினாறு ஆண்டுகளில் ஒரு நாளும் எனக்குத் தெரியவந்ததில்லை. ஒரே மேசை, ஒரே உணவு, ஒரே அளவு அறை. அலுவலகத்தில் ஓரிருவருக்கு மட்டும் தெரியும். அவர்கள் வாய் திறப்பதில்லை.

அதே இல்லத்தின் நுழைவாயில் சுவரில் நன்கொடையாளர் பெயர்கள் நிறையப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்து வாங்கில் பெயர், மின்தூக்கியில் பெயர், நூலக அலமாரியில் பெயர். எங்கள் கோவில்களில் குழல்விளக்கில் தொடங்கித் தேர்ச் சில்லு வரைக்கும் உபயகாரர் பெயர் இருப்பதைப் போலத்தான். கொடுப்பவர் தம் பெயரைப் போட்டுக்கொள்வதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பெயருக்காகக் கொடுத்த அரிசியும் வேகும். நான் பேச வந்தது வாங்குகிறவரைப் பற்றி. அவருடைய பெயரையும் முகத்தையும் எப்படி மறைத்துக் காப்பது என்று யூதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக யோசித்திருக்கிறார்கள். சில இடங்களில் தவறியும் இருக்கிறார்கள். தவறிய இடங்கள்தான் நமக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஏழைக்குக் கொடுப்பதை எபிரேய மொழியில் செதாக்கா என்கிறார்கள். நீதி என்ற பொருளுள்ள வேரில் பிறந்த சொல். இதைப் படித்துவிட்டு வியந்து எழுதுகிறவர்கள் உண்டு. தமிழரான நாம் வியக்கத் தேவையில்லை. நம் அறம் என்ற சொல்லும் அப்படித்தானே? நேர்மைக்கும் அறம், கொடைக்கும் அறம். அறக்கட்டளை என்று பலகை எழுதிவைத்த நாம் அதன் முதல் பொருளை மறந்துவிட்டோம். நீதி என்றால், பெறுகிறவர் தமக்கு உரியதைப் பெறுகிறார். உரியதைப் பெறுகிறவரை ஏன் படம் எடுக்க வேண்டும்?

எருசலேமில் அவர்களுடைய பழைய ஆலயம் இருந்த காலத்தில் அங்கே மறைவு அறை என்று ஓர் அறை இருந்ததாக மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பு சொல்கிறது. கொடுப்பவர் அதற்குள் போய் யாரும் காணாமல் வைத்துவிட்டு வருவார். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப் போனவர் அதற்குள் போய் யாரும் காணாமல் எடுத்துக்கொண்டு வருவார்.  உள்ளே போகிறவர் வைக்கப் போகிறாரா எடுக்கப் போகிறாரா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

நான் மிகவும் விரும்பும் செய்திகள் இரண்டு, அதே மரபில் வருகின்றன. துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோகும்போது செல்வர்கள் வெள்ளிக் கூடையிலும் பொன் கூடையிலும் கொண்டுபோனார்களாம். ஏழைகள் உரித்த பிரம்புக் கூடையில் கொண்டுபோய் வெட்கப்பட்டார்களாம். அதனால் எல்லோரும் பிரம்புக் கூடையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று விதி வந்தது. இன்னொன்று, ஆண்டில் இரண்டு நாள்கள் கன்னிப் பெண்கள் வெள்ளாடை உடுத்தித் திராட்சைத் தோட்டத்துக்கு ஆடப் போவார்கள். அந்த நாள்களில் எவளும் தன் சொந்த ஆடையை உடுத்தக் கூடாது. எல்லோரும் இரவல் வாங்கியே உடுத்த வேண்டும். அரசன் மகளும் தலைமைக் குருவின் மகளிடம் இரவல் வாங்க வேண்டும். ஆடை இல்லாத பெண் வெட்கப்படக் கூடாது என்பதற்காக ஊரே இரவல் வாங்கியது.

இன்றைக்கும் லண்டனில் ஸ்டாம்ஃபர்ட் ஹில், கோல்டர்ஸ் கிரீன் பகுதிகளில் இந்த இரவல் பழக்கம் உயிரோடு இருக்கிறது. கெமாக் என்று பெயர். மணப்பெண் உடை, குழந்தைத் தொட்டில், மடக்கு நாற்காலி, மருந்து, ஊன்றுகோல் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு கெமாக் இருக்கும். கதவைத் தட்டி வாங்கிப் போய், வேலை முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். வசதியுள்ளவரும் வாங்குவார், இல்லாதவரும் வாங்குவார். எருசலேமில் 1976 இல் ஊரி லுபோலியன்ஸ்கி என்ற ஆசிரியர் நீராவி பிடிக்கும் கருவி போன்ற சில மருத்துவச் சாதனங்களை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் யாத் சாரா என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. சாரா என்பது நாஜிகள் நடத்திய யூதப் பேரழிவில் கொல்லப்பட்ட அவருடைய பாட்டியின் பெயர். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் எந்த மதத்தவரும் அங்கே போய்க் கேட்கலாம். அவர் பின்னாளில் எருசலேம் மேயராகவும் ஆனார்.

இனி லண்டனுக்கு வருகிறேன். என் தங்கையின் முன்னால் வைத்த அந்தத் தையல் இயந்திரத்துக்கு இந்த நகரத்திலேயே ஒரு பழைய கதை உண்டு.

1859 இல் லண்டன் நகரின் மூன்று பெரிய யூதத் தொழுகைக்கூடங்கள் சேர்ந்து யூத ஏழைகளுக்கான பாதுகாவலர் சபையைத் தொடங்கின. முதல் தலைவர் எஃப்ரயிம் அலெக்ஸ் என்ற பல் மருத்துவர். அதற்கு முன் ஒவ்வொரு தொழுகைக்கூடமும் தனித்தனியே சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தது. ஏழைகள் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். சபை அந்த அலைச்சலை ஓரிடத்தில் குவித்தது. காசு கொடுத்தது, வைத்தியம் பார்த்தது. ஆனால் அதன் மிகச் சிறந்த வேலை வேறொன்று. தையல் தெரிந்தவருக்குத் தையல் இயந்திரத்தை வாரத் தவணைக்குக் கொடுத்தது. பிற தொழிலாளருக்கு அவரவர் கருவிகளைக் கொடுத்தது. பையன்களைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டது. வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தவணை கட்டி முடித்தவருக்கு இயந்திரம் சொந்தம். ஒவ்வொரு வாரமும் தன் உழைப்பில் வந்த காசை மேசையில் வைத்துவிட்டு ரசீது வாங்கிப் போகிற மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் யாருக்கும் தலை குனியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடீஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பின் கொடுப்பதைவிடக் கேட்கும் முன் கொடுப்பது மேல். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது படி. உச்சிப் படியில் அவர் வைத்தது, கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடிக் கொடுத்தோ ஒருவர் இனிமேல் யாரிடமும் கையேந்தாமல் செய்வதை. லண்டன் சபை வாரத் தவணைக்குக் கொடுத்த இயந்திரம் அந்த உச்சிப் படியில் இருக்கிறது. என் தங்கைக்குக் கிடைத்ததும் அதே பொருள்தான். பதாகையும் படமும் சேர்ந்தபோது அது படியிறங்கிவிட்டது.

ஆனால் அந்தச் சபையை நான் கோவில் கட்டிக் கும்பிட வரவில்லை. 1881 இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்ட பிறகு அங்கே யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. அன்றிலிருந்து 1914 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிரித்தானியாவுக்கு வந்து குடியேறினார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷ் பேசிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு, துறைமுகத்திலிருந்து நேராகக் கிழக்கு லண்டனின் வைட்சாப்பலுக்கு நடந்து வந்தவர்கள். முன்பே வந்து நிலைபெற்ற யூதர்களுக்கு அச்சம் வந்தது. 1858 இல்தான் முதல் யூதர் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். இத்தனை காலம் பாடுபட்டுச் சம்பாதித்த மதிப்பை இந்தப் புதியவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு உதவி கிடையாது என்று சபை விதி வைத்தது. ஆயிரக்கணக்கானவர்களைத் திரும்பிப் போகச் செய்து அதற்குக் கப்பல் செலவும் கொடுத்தது.

1885 இல் சைமன் கோஹன் என்ற ஒரு ரொட்டிக்காரர் வைட்சாப்பலில் தம் இடத்தில் புதியவர்களைப் படுக்க வைத்துச் சாப்பாடு போட்டார். சபைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சுகாதாரக் கேடு என்று சொல்லி மூடவைத்தார்கள். இடம் அழுக்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த அழுக்கு இடத்தை விட்டால் அந்த மனிதர்களுக்குத் தெருதான் இருந்தது. கிழக்கு லண்டன் தொழிலாளிகள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டார்கள். அதன் பிறகு ஹெர்மன் லாண்டாவ் போன்ற சிலர் முன்வந்து லெமன் வீதியில் ஒழுங்கான தங்குமிடத்தை ஏற்படுத்தினார்கள். லாண்டாவும் போலந்திலிருந்து வந்து வங்கியாளரானவர்தான். பதினான்கு நாள் வரை அங்கே தங்கலாம். கப்பல் துறைக்கே ஆள் அனுப்பி, வந்திறங்குகிறவர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காத்து அழைத்து வந்தார்கள். ஏழை ரொட்டிக்காரர் ஒருவர் தொடங்கியதைச் செல்வர்கள் மூடினார்கள், பிறகு வெட்கப்பட்டுத் திறந்தார்கள். அந்தக் கதையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

பெரியவர்களே, நமக்குள்ளும் அந்த ஆறு மாத விதி இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுபதுகளில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்தவர்கள் 1983 க்குப் பின் வந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் இன்று மாணவர் விசாவில் வந்து மூன்று பேர் ஓர் அறையில் படுக்கும் பிள்ளைகளை அதே கண்ணால் பார்க்கிறார்கள். நான் 2000 ஆம் ஆண்டில் வந்தேன். பயண முகவருக்குக் கட்டிய கடன் ஊரில் ஏறிக்கொண்டிருந்தது. அதை அடைக்க இங்கே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினேன். கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரிடம்தான் வாங்கினேன். ஏழு ஆண்டுகள் கட்டினேன். அந்த ஏழு ஆண்டில் கோவில் உண்டியலிலும் போட்டேன், தேருக்கும் கொடுத்தேன். எனக்கு வட்டியில்லாமல் ஆயிரம் பவுண் கடன் கொடுக்க ஓர் இடம் இந்த நகரத்தில் நம்மவர்களிடம் இருக்கவில்லை. இருந்திருந்தால் என் மூத்த மகன் ஆறாம் வகுப்பில் என்னோடு அலுவலகம் துடைக்க வந்திருக்க மாட்டான்.

நியூயார்க்கில் 1892 இல் சில யூதக் குடியேறிகள் சேர்ந்து 95 டாலரோடு எபிரேய இலவசக் கடன் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அது இயங்குகிறது. வட்டி இல்லை. பொறுப்பு நிற்க ஆள் வேண்டும். யூதர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் திருப்பிக் கட்டிவிடுகிறார்கள். திரும்பி வரும் பணம் அடுத்தவருக்குப் போகிறது. அன்னதானத்துக்குக் கொடுத்த நூறு பவுண் அன்றே செரித்துவிடும். கடன் பெட்டியில் போட்ட நூறு பவுண் பத்து ஆண்டில் பத்துப் பேருக்கு வேலை செய்யும். பசித்தவருக்குச் சோறு இன்றே வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களும் மறுக்கவில்லை. பழைய காலத்திலிருந்தே அவர்களிடம் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. அன்றாடம் சோற்றுக்கு ஒரு தட்டு, வாரம் ஒரு முறை வெள்ளிக்கிழமையில் பங்கிட ஒரு காசுப் பெட்டி. பசி என்று கேட்டவரை விசாரிக்கக் கூடாது, முதலில் சோறு போட வேண்டும் என்பதே நிலைத்த வழக்கம்.

அந்தக் காசுப் பெட்டிக்கு இன்னொரு விதியும் உண்டு. இதைப் பொருளாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். காசு திரட்டப் போகிறவர்கள் இருவருக்குக் குறையக் கூடாது. பங்கிடுகிறவர்கள் மூவருக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது வழக்குத் தீர்ப்பதற்குச் சமம். அவர்களுடைய வழக்கு மன்றத்தில் மூவர் இருப்பார்கள். இத்தனை விதி இருந்தும் நியூயார்க்கில் யூத வறுமை ஒழிப்புக்கான ஒரு பெரிய மன்றத்தின் தலைமை அதிகாரியே காப்புறுதிக் கணக்கில் பணம் திருடி 2013 இல் பிடிபட்டார், சிறைக்குப் போனார். மன்றம் மூடப்படவில்லை. இன்றும் உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் யார் மீதும் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. மூன்று பேர் கண் முன்னால் நடக்கும் கணக்கு பொருளாளருக்கும் பாதுகாப்பு என்பதால் எழுதுகிறேன்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் புரூன் வீதியில் ஒரு கட்டடத்தைப் பாருங்கள். 1902 இல் கட்டியது. முகப்புக் கல்லில் யூத ஏழைகளுக்கான சூப் சமையற்கூடம் என்று ஆங்கிலத்தில் பெரிதாகச் செதுக்கியிருக்கிறது. நடுவில் ஒரு சூப் பாத்திரத்தின் உருவம். ஒரு கதவின் மேல் உள்ளே போகும் வழி, இன்னொன்றின் மேல் வெளியே வரும் வழி என்று கல்லெழுத்து. அந்த இடம் தொண்ணூறு ஆண்டுகள், 1992 வரை, பசியாற்றியது. இப்போது உள்ளே அடுக்குமாடி வீடுகள். ஒரு விடுமுறை நாளில் நான் அதன் எதிரே அரை மணி நேரம் நின்றேன். அழகான கட்டடம். ஆனால் ஏழை என்ற சொல்லின் கீழே தலையைக் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும், யார் எந்தக் கதவால் போகிறார்கள் என்று. மறைவு அறை வைத்திருந்த மக்களே இப்படியும் கட்டினார்கள். அந்தக் கல்லெழுத்தைப் பார்த்தபோது எனக்கு முல்லைத்தீவுப் பதாகை நினைவுக்கு வந்தது.

இன்றைக்கு அவர்களுடைய தொண்டர்கள் பலர் வேறு மாதிரிச் செய்கிறார்கள். வியாழன் இரவு ஓய்வுநாள் உணவுப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொண்டுவந்தவர் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் பாண், மீன், கோழியோடு பிள்ளைகளுக்கு இனிப்பும் இருக்கும். விருந்து நாளுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும், ஏனென்றால் ஏழை வீட்டிலும் வெள்ளிக்கிழமை இரவு விருந்து நாள்தான்.

வறுமையை இந்தக் கொடைகள் மட்டும் ஒழித்தன என்று நான் சொல்லமாட்டேன். பெல் லேனில் இருந்த யூத இலவசப் பாடசாலையில் 1900 அளவில் ஏறக்குறைய நாலாயிரம் பிள்ளைகள் படித்தார்கள். உடுப்பும் சப்பாத்தும் கூடக் கொடுத்தார்கள். 1885 இல் வங்கியாளர் ரோத்ஸ்சைல்ட் தலைமையில் ஒரு வீட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். முதல் போட்டவர் நூற்றுக்கு நாலுக்கு மேல் இலாபம் எடுக்கக் கூடாது என்று வைத்து ஏழைகளுக்கு மாடி வீடுகள் கட்டினார்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து சின்னச் சின்னத் தொழுகைக்கூடம் வைத்துக்கொண்டு, வாரச் சந்தா கட்டி, நோய்க்கும் சாவுக்கும் ஒருவருக்கொருவர் நின்றார்கள். நம்முடைய ஊர்ச் சங்கங்களைப் போலவேதான். படிப்பு, வீடு, தொழில், கடன் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறையில் அந்தத் தெருக்களிலிருந்து பெரும்பாலானவர்களை ஏற்றிவிட்டன. எல்லோரையும் அல்ல. ஸ்டாம்ஃபர்ட் ஹில்லில் பெரிய குடும்பங்களோடு குறைந்த வருமானத்தில் வாழும் யூதர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள்.

அந்தப் பாதுகாவலர் சபை பின்னாளில் பெயர் மாறி, 1819 இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கத்தோடு 1990 இல் இணைந்து ஜூயிஷ் கேர் என்ற அமைப்பாக இன்றும் இருக்கிறது. வந்து ஆறு மாதம் ஆகாதவரைத் திருப்பி அனுப்பிய அமைப்பின் வாரிசு, 1993 இல் ஹெண்டனில் யூதப் பேரழிவிலிருந்து உயிர் தப்பியவர்களுக்காக ஒரு நிலையம் திறந்தது. மனிதர்கள் திருந்துவதைப் போல நிறுவனங்களும் திருந்தும் என்று நம்ப எனக்கு இது போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பிவந்த முதியவர்களுக்கு மறதி நோய் வரும்போது பழைய காலம் திரும்பிவிடும் என்றார்கள். அவர்களை வரிசையில் நிற்க வைக்காதே. தலைக்கு மேலிருந்து நீர் கொட்டும் குளியலுக்குச் சட்டென்று அழைத்துப் போகாதே. தலையணைக்குக் கீழே பாண் துண்டை ஒளித்து வைத்தால் எடுத்து எறியாதே, புதிய துண்டைக் கொடுத்துப் பழையதை மெல்ல வாங்கு. நான் பார்த்த ஒரு மூதாட்டி ஐம்பது ஆண்டுகள் பேசிய ஆங்கிலத்தை முழுதாக மறந்து ஹங்கேரிய மொழிக்குத் திரும்பிவிட்டார். அந்த மொழி பேசும் ஒரு தொண்டரைத் தேடிப் பிடித்து வாரந்தோறும் புதன்கிழமை வரவைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் காலையிலேயே தலை வாரச் சொல்லிச் சைகை காட்டுவார்.

என் அம்மாவின் தோழி ஒருவர் லண்டனின் இன்னொரு மூலையில் ஓர் இல்லத்தில் இருந்தார். அவரும் ஆங்கிலத்தை மறந்தார். தண்ணீர் என்று தமிழில் கேட்டபடியே இருப்பார். அங்கே யாருக்கும் விளங்காது. விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போக முயல்வார். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு போய்வந்தேன். சென்ற ஆண்டு அவர் இறந்துவிட்டார். இந்த நகரத்தின் இல்லங்களில் அவரைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். கோவில்களில் தேவாரம் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைக்க ஒரு பட்டியலும் ஒரு தொலைபேசியும் போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை.

நம் கோவில்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். போர்க்காலத்திலும் ஆழிப்பேரலைக் காலத்திலும் இந்தக் கோவில் மண்டபங்களில் நாங்கள் இரவிரவாகப் பெட்டி கட்டியிருக்கிறோம். 2004 இல் அலை அடித்தபோது, 1914 இல் நியூயார்க்கில் தொடங்கிய யூதக் கூட்டு நிவாரண அமைப்பும் இலங்கைக்கு உதவி அனுப்பியது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அந்தப் பெட்டி எங்கள் கடற்கரையில் யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தேர்த் திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு திருவிழா நாளின் உண்டியலை மட்டும் தனியே எடுத்து வட்டியில்லாக் கடனுக்கு ஒரு கணக்குத் திறவுங்கள். புதிதாக வந்த மாணவருக்கும், வேலை இழந்தவருக்கும், கடைசி மாத வாடகை கட்ட முடியாதவருக்கும் அதிலிருந்து கொடுங்கள். இரண்டு பேர் பொறுப்பு நிற்கட்டும். மூன்று பேர் முடிவு செய்யட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது அண்மையில் வந்தவராகவும் இருக்கட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்று கோவில் பலகையில் மாதந்தோறும் ஒட்டுங்கள். யாருக்குப் போனது என்பதை மட்டும் ஒட்டாதீர்கள்.

ஊருக்கு அனுப்பும் உதவிக்குப் படம் கேட்காதீர்கள். இயந்திரம் போய்ச் சேர்ந்ததா என்று நன்கொடையாளருக்குத் தெரிய வேண்டும், அது நியாயம். கடையின் ரசீதை அனுப்புங்கள். இயந்திரத்தின் தொடர் எண்ணை அனுப்புங்கள். தைத்த சீருடையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பெண்களின் முகம் வேண்டாம். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம்.

என் தங்கையின் படம் இன்னும் அந்தக் குழுவிலும் முகநூலிலும் இருக்கிறது. நீக்கும்படி இரண்டு தடவை எழுதினேன். நன்கொடையாளர் மனம் நோகும் என்று பதில் வந்தது. அந்த நன்கொடையாளர் இந்த மடலைப் படித்தால், அவரே அதை எடுக்கச் சொல்வார் என்று நம்புகிறேன். அவர் பெயரும் அவர் பிறந்தநாளும் அங்கேயே இருக்கட்டும். பதினொரு பெண்களை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

கடன் கணக்குக்கு முதலில் போட முந்நூறு பவுண் எடுத்து வைத்திருக்கிறேன். நூற்றுக்கு மூன்று வட்டி கட்டிய காலத்தில் ஒரு மாதத்துக்கு நான் கட்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு என் பணி முடியும். எந்தக் கோவில் முதலில் கூட்டம் வைத்தாலும் நேராக அங்கே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பணியாளர்,
வடமேற்கு லண்டன்.